எந்தக் கையும் கைதான்

ஒரு ஊர்ல, அது எந்த ஊருன்னு கேக்காதீங்க, பேரு சொன்னா இப்பவும் அந்த ஊர்க்காரங்க சண்டைக்கு வருவாங்க, அந்த ஊர்ல ஒரு வேதக்கோயில், அதான் கிறிஸ்தவங்க கோயில், இருந்துச்சாம். பனையோலைக் கூரை, மண்ணுச் சுவரு, ஒரு மணி. அந்த மணியும் வெடிப்பு விட்ட மணி, அடிச்சா சட்டியத் தட்டுன மாதிரி கேக்கும். ஆனா அந்தக் கோயில்ல ஒரு நல்ல பழக்கம் இருந்துச்சு. எந்த வீட்ல உலை வச்சாலும், அரிசியக் களையுததுக்கு முன்னால ஒரு பிடி அள்ளி தனியா ஒரு சின்னப் பானையில போட்டுரணும். அதுக்குப் பேரு பிடியரிசி. சனிக்கிழமை மணியடிச்சதும் அவங்கவங்க பானையக் கொண்டாந்து கோயில் குதிர்ல கொட்டுவாங்க, அப்புறம் அன்னிக்கே கண்ணு தெரியாதவங்க, ஆதரவு இல்லாதவங்க, கஞ்சிக்கு வழியில்லாதவங்க எல்லாரும் ஓலைப்பெட்டியோட வந்து வாங்கிட்டுப் போவாங்க. குதிருக்குள்ள விழுந்த அரிசி எல்லாம் கலந்துரும்லா. ஒரு வீட்டுச் சம்பா, ஒரு வீட்டுச் சிவப்பரிசி, ஒரு வீட்டுப் புழுங்கல், ஒரு வீட்டு நொய்யி. பாத்தா பல நிறத்துல கோழிக்குஞ்சு மேயுத மாதிரி இருக்கும். இத ஞாபகம் வச்சுக்கிடுங்க, பின்னால நான் கேப்பேன்.

அந்த ஊர்ல அன்னப்பழம்னு ஒருத்தி இருந்தா. புருசன் பனையில இருந்து விழுந்து செத்துப்போனான், ரெண்டு பிள்ளைங்க. அவளுக்குக் கை பெருசு. ஏல, உன் அப்பா கை மாதிரி இல்ல, அதவிடப் பெருசு, மொறம் மாதிரி விரிஞ்ச கை. ஊரே மொறக்கைக்காரின்னு கேலி பண்ணும். அதோட யாரு என்ன சொன்னாலும் சொன்னபடியே எடுத்துக்கிடுவா. "கொஞ்சம் ஆட்டு மேல கண்ணா இரு"ன்னு சொன்னா, பொழுது சாயுத வரைக்கும் கண்ணச் சிமிட்டாம ஆட்டையே பாத்துட்டு இருப்பா. அதனால அவளுக்குப் புத்தி மந்தம்னும் ஒரு பேச்சு உண்டு.

அவ பிடியரிசி வாங்கித்தான் பிள்ளைங்களுக்குக் கஞ்சி காச்சுவா. ஆனா பாத்துக்கிடுங்க, வாங்குன அரிசியில உலை வைக்கும்போது அவளும் ஒரு பிடி எடுத்துப் போடுவா, அதுவும் அந்தக் கையால. பக்கத்து வீட்டுக்காரி, "ஏட்டி, நீ வாங்குறவல்லா, நீ எதுக்குப் போடுத"ன்னு கேட்டா, "உலை வச்சா போடணும்னுதான சொன்னாவ, வாங்குறவ வைக்கிறது உலை இல்லையா"ன்னு கேப்பா. அதுக்கு என்ன பதில் சொல்ல, சொல்லுங்க பாப்போம்.

அதே ஊர்ல சுவிசேஷமுத்துப் பண்ணையார்னு ஒருத்தரு. பேர்ல சுவிசேஷம் இருந்துச்சு, முத்தும் இருந்துச்சு, கையில மட்டும் ஈரம் இல்ல. எச்சிக் கையால காக்கா விரட்ட மாட்டாரு. ஆனா ஜெபம் பண்ண எந்திச்சாருன்னா, அவரு உக்காருததுக்குள்ள வீட்ல வச்சிட்டு வந்த சோறு குழைஞ்சுரும்.

அவரு வீட்லயும் உலை வச்சா ஒரு பிடி போடணும்லா. அவரு பெஞ்சாதி பரிசுத்தம்மா நல்ல மனசுக்காரி, அள்ளினா விரலுக்கு இடையில வழியும். பண்ணையாரு பாத்தாரு, "உன் கை வாதத்துல வீங்கியிருக்கு, இனி மருமக போடட்டும்"ன்னாரு. மருமக கை ஒல்லிக் கை, ஆனா அவளும் வஞ்சகம் இல்லாம அள்ளினா. பண்ணையாரு பாத்தாரு, "நீ சின்ன வயசு, உனக்கு எதுக்கு இந்த வேலை"ன்னாரு. அப்புறம் தொட்டிலுக்குள்ள எட்டிப் பாத்தாரு. அங்க பேத்தி செல்லக்கிளி கிடந்தா, இன்னும் நிக்கவே பழகாத பிள்ளை. அவ கையப் பிடிச்சு அரிசிக்குள்ள விட்டாரு, எடுத்தாரு. நாலு அரிசி ஒட்டியிருந்துச்சு. "பிஞ்சுக் கையால குடுத்தா அதுல ஒரு ஆசீர்வாதம் இருக்கு"ன்னு சொல்லிட்டு அந்த நாலு அரிசியப் பானையில உதறினாரு. அதுலயும் ஒண்ணு உதறுததுக்கு முன்னாலயே பிள்ளை வாய்க்குள்ள போயிருச்சு.

இப்படி இருக்கும்போது குதிர்ச் சாவி வச்சிருந்த பெரியவரு காலமாயிட்டாரு. யாரு சாவி வாங்குததுன்னு பேச்சு வந்துச்சு. பண்ணையாரு கண்ணுல தண்ணி விட்டு, "ஏழைக்கு ஊழியம் செய்யாம நான் செத்தா என் கட்டை வேகாது"ன்னு அழுதாரு. வேதக்காரங்களப் புதைக்கத்தான செய்வாங்க, கட்டை எங்க வேகும்னு ஒருத்தரும் யோசிக்கல. சாவியக் குடுத்துட்டாங்க.

சாவி வந்ததும் பண்ணையாரு ரெண்டு சட்டம் போட்டாரு. முதல் சட்டம், குதிர்ல கொட்டுததுக்கு. வீட்ல எவ எவ்வளவு அள்ளினான்னு யாருக்குத் தெரியும், அதனால கோயில்ல வச்சு அளப்போம், நாளுக்கு ஒரு பிடி, அளக்கிற கை அன்னப்பழம் கை. அந்த மொறக்கைக்கு அளந்தா எந்த வீட்டு அரிசி காணும்? எல்லாரும் திரும்ப வீட்டுக்கு ஓடிப்போய் இன்னும் கொஞ்சம் கொண்டாந்தாங்க. பண்ணையாரு வீட்டு அரிசிய மட்டும் யாரும் அளக்கல, அவரு துண்டு முடிச்ச அவரே அவிழ்த்து அவரே உதறிக்கிடுவாரு. ரெண்டாவது சட்டம், ஏழைக்குக் குடுக்கிறதுக்கு. அதுவும் பிடிக்கணக்குத்தான், ஆனா அளக்கிற கை செல்லக்கிளி கை.

வாங்கும்போது மொறம், குடுக்கும்போது பிஞ்சு. நடுவுல நிக்கிற அரிசி? அத எலி தின்னுரும்னு சொல்லி, அவரே சுமக்க மாட்டாம சுமந்து வீட்டுக்குக் கொண்டு போயி, பத்தாயத்துல பத்திரமா வச்சாரு. பத்தாயம்னா மரத்துல செஞ்ச பெரிய தானியப் பெட்டி, நம்ம நாலு பேரும் உள்ள படுத்துத் தூங்கலாம். ஏட்டி, நீ வேண்டாம், நீ தூக்கத்துல உதைப்ப.

முதல் சனிக்கிழமை ஏழைங்க வரிசையில நின்னாங்க. செல்லக்கிளிய மடியில வச்சுட்டு பண்ணையாரு உக்காந்திருந்தாரு. பிள்ளை அரிசிய அள்ளுச்சு, பெட்டியில போடாம வாயில போட்டுச்சு. ஒருத்திக்கு அஞ்சு அரிசி கிடைச்சுது, இன்னொருத்திக்கு மூணு. அன்னப்பழத்துக்கு, பிள்ளை அவ கையப் பாத்துப் பயந்து அழுததுல, ஒண்ணுமே சரியா விழல. கடைசியா ஏசுவடியான் தாத்தா பெட்டிய நீட்டினாரு. அவருக்கு ரெண்டு கண்ணும் தெரியாது, ஒரு மனுசரும் கிடையாது, பிடியரிசிய விட்டா கஞ்சி கிடையாது. அவரு முறை வரும்போது பிள்ளை தூங்கிப்போச்சு.

பண்ணையாரு சொன்னாரு, "கை தூங்கிட்டு. அடுத்த சனிக்கிழமை வாரும்."

தாத்தா காலிப் பெட்டியத் தலையில கவுத்துக்கிட்டுத் தடவித் தடவி நடந்தாரு. அன்னைக்கு அன்னப்பழம் வீட்ல இருந்த கொஞ்சூண்டு நொய்யில தண்ணிய நிறைய ஊத்தி, பிள்ளைங்களுக்கு ஊத்தி, தாத்தாவுக்கும் கொண்டுபோய் ஊத்தினா. அவளுக்குச் சட்டியக் கழுவுன தண்ணிதான் மிச்சம். ரெண்டு மூணு சனிக்கிழமை இப்படியே போச்சு, தாத்தாவுக்கு எந்திச்சு வரவே சீவன் இல்ல. இனியும் இப்படியே போனா ஆளு இருக்க மாட்டாருன்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு.

அடுத்த சனிக்கிழமை அன்னப்பழம் எல்லார் முன்னாலயும் பண்ணையார்கிட்ட போய், "அய்யா, கை ரொம்பச் சின்னதா இருக்கே"ன்னா. பண்ணையாரு நெஞ்ச நிமித்திக்கிட்டு, "கோயில்ல பெரிய கை, சின்னக் கைன்னு பேதம் கிடையாது. ஆண்டவரு படைச்ச எந்தக் கையும் கைதான்"னாரு. "எந்தக் கையும் கைதானா அய்யா?"ன்னு கேட்டா. "ஆமா"ன்னாரு. "நெசமாவே எந்தக் கையுமா?"ன்னு கேட்டா. "ஆமாங்கேன்"னாரு. "நிறம் பாக்காம, நீளம் பாக்காமலா?"ன்னு கேட்டா. பண்ணையாருக்குக் கோவம் வந்துட்டு. பக்கத்துல கோயில்ல ஜெபம் நடத்துற உபதேசியாரு நின்னாரு. அவரு தமிழ் படிச்ச மனுசரு, ஆனா பண்ணையாரு குடுக்கிற நெல்லுலதான் பிழைப்பு, அதனால எதச் சொல்லணும்னாலும் சொல்லாம இருமிக்கிடுவாரு. "ஓய் உபதேசியாரே, இத ஜெபத்துல சேத்துச் சொல்லி முடிச்சு விடும்"னாரு பண்ணையாரு. உபதேசியாரும் ஒரு தடவை இருமிட்டு, எந்தக் கையும் கைதான் ஆண்டவரேன்னு ஜெபிச்சாரு. கூட்டமும் பழக்க தோசத்துல ஆமென்னு சொல்லிட்டு.

இங்கதான் பண்ணையாரு மாட்டினாரு. அந்த ஊர்ல ஆமென் சொன்னா சொன்னதுதான். மாட்டு வியாபாரத்தக்கூட ஆமென் சொல்லித்தான் முடிப்பாங்க, அப்புறம் மாடு பால் கறக்கலைன்னாலும் திருப்ப முடியாது.

அந்த வாரம் கோயில் கூரைக்கு ஒரு உத்தரம் வந்துச்சு. மலையில வெட்டின தேக்கு, எந்த வண்டிக்கும் அடங்காது. அத இழுக்க ஒரு யானை வந்துச்சு, பேரு பாருக்குட்டி. பெண் யானை. பாகன் சங்கரன்குட்டி மேல உக்காந்துட்டு வரும்போதே புலம்பிட்டு வந்தான். இந்தப் பொம்பளை மண்ணக் கண்டா சும்மா இருக்க மாட்டா, உறிஞ்சி உறிஞ்சி ஊதிருவா, நேத்து ஒரு கல்யாணப் பந்தல்ல உமிய ஊதி மாப்பிள்ளைய வெள்ளையாக்கிட்டா, அடி வாங்கினது நான்னு சொன்னான்.

பாருக்குட்டி உத்தரத்தக் கோயில் வாசல்ல போட்டுட்டு ஆலமரத்தடியில நின்னுச்சு. ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் தூர நின்னு பாத்துச்சுங்க. அன்னப்பழம் மட்டும் கிட்ட போய் ஒரு பனங்குருத்த நீட்டினா. பாருக்குட்டி துதிக்கைய நீட்டி வாங்குச்சு. அன்னப்பழம் அதப் பாத்தா, தன் கையப் பாத்தா. பிறந்ததுல இருந்து பெரிய கைன்னு கேலி கேட்டவ, தன்னவிடப் பெரிய கைய அன்னைக்குத்தான் பாத்தா. பாகன்கிட்ட, "இதுக்கு என்ன பேரு"ன்னு கேட்டா. "இது தெரியாதா, தும்பிக்கை"ன்னான். "என்ன கை?"ன்னு மறுபடி கேட்டா. "தும்பிக் கை"ன்னு அவன் பிரிச்சுச் சொன்னான். அன்னப்பழம் சிரிச்சா. அவ சிரிச்சு ரொம்ப நாளாச்சு.

சனிக்கிழமை சட்டி மணி அடிச்சுது. எல்லாரும் பானையோட வந்துட்டாங்க, ஏசுவடியான் தாத்தாவ ரெண்டு பேரு கட்டிலோட தூக்கியாந்திருந்தாங்க. அளக்க வேண்டிய அன்னப்பழம் கையக் கட்டிட்டு நின்னா. பண்ணையாரு, "அளட்டி"ன்னாரு. "என் கை தூங்கிட்டு அய்யா"ன்னா. கூட்டத்துல ஒரு சிரிப்பு. "அப்போ யாரு அளக்கிறது"ன்னாரு. "அதுக்கென்ன, எந்தக் கையும் கைதான, ஊர் வீடு எல்லாத்தையும் இத்தன வாரமா அளந்தாச்சு, உங்க வீடு ஒண்ணுதான் இதுவரைக்கும் அளக்கல, அத மட்டும் அளக்க ஒரு கை கூட்டியாந்திருக்கேன்"னா. பின்னால பாத்தா, பாருக்குட்டி காத ஆட்டிக்கிட்டு நிக்குது.

பண்ணையாரு ஒரு எட்டு பின்னால போனாரு. "மிருகத்துக்கு ஏதுட்டி கை"ன்னாரு. பாகன் மேல இருந்து, "தும்பிக் கை"ன்னான். ஊரு மொத்தமும், "ஆமென்"னு சொல்லுச்சு. பண்ணையாரு விடல. "ஞானஸ்நானம் வாங்காத யானை எப்படி நம்ம சபைக்கு அளக்கும்"னாரு. அன்னப்பழம் யோசிச்சா. "குருவானவரு வருசத்துக்கு ஒரு தடவைதான் வருதாவ, உங்க செல்லக்கிளிக்கும் இன்னும் ஞானஸ்நானம் ஆகலையே அய்யா"ன்னா. ஊரு மறுபடியும், "ஆமென்"னுச்சு. பண்ணையாருக்கு வேத்து ஊத்துச்சு. சரி, யானை உறிஞ்சினாலும் ஒரு மரக்கால் போகுமா, போனாப் போவுதுன்னு கணக்குப் போட்டு, "ஒரே ஒரு பிடி. அதுக்கு மேல ஒரு அரிசி கிடையாது. எல்லாரும் கேட்டுக்கிடுங்க, என் வீட்டு அரிசி ஒரு பிடிக்குத்தான்"னாரு.

உபதேசியாரு இருமினாரு. ஒரு தடவை இருமினாரு, ரெண்டு தடவை இருமினாரு, மூணாவது தடவை இருமல் வரல, பேச்சு வந்துட்டு.

"அய்யா, தமிழ்ல பிடின்னா பெண் யானைக்கும் பேரு. ஒரு பிடிக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்போ அந்தப் பிடி போதும்ங்கிற வரைக்கும்னுதான் அர்த்தம்."

ஆமென் அப்படி ஒரு ஆமென், வெடிச்ச மணி தானா ஆடிச்சாம்.

எல்லாரும் தாத்தா கட்டிலையும் தூக்கிக்கிட்டுப் பண்ணையாரு வீட்டுக்குப் போனாங்க. பரிசுத்தம்மாவே போய்ப் பத்தாய அறை சன்னலத் திறந்து விட்டா. யானை வெளிய நின்னுச்சு, கை மட்டும் உள்ள போச்சு. புஸ்ஸுன்னு ஒரு உறிஞ்சு, முற்றத்துல விரிச்சிருந்த பாயில ஒரு ஊது. நல்ல சம்பா, வெள்ளை வெளேர்னு விழுந்துச்சு. "பாத்தீங்களா, என் அரிசி, என் அரிசி"ன்னாரு பண்ணையாரு. மறுபடி புஸ்ஸு. வெள்ளையில நாலு சிவப்பு விழுந்துச்சு. மூணாவது புஸ்ஸு அடியில இருந்து வந்துச்சு. ஏல, நான் ஞாபகம் வச்சுக்கிட சொன்னேனே, என்ன நிறம்?

ஆமா. சம்பா, சிவப்பு, புழுங்கல், நொய்யி, எல்லாம் கலந்து கோழிக்குஞ்சுக் கூட்டமா விழுந்துச்சு. ஒரு பொம்பள குனிஞ்சு, இது என் வீட்டுச் சிவப்புல்லான்னா. இன்னொருத்தி, இது என் வீட்டு நொய்யி, என் உரல்லதான் இப்படி மூணா உடையும்னா. யானை அது பாட்டுக்கு உறிஞ்சுச்சு, ஊதுச்சு. குவியல் இடுப்பு உயரத்துக்கு வந்துட்டு. கட்டில்ல கிடந்த தாத்தாவுக்குக் கண்ணு தெரியாதுல்லா, அரிசி விழுத சத்தத்த மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தாரு. பரிசுத்தம்மா புருசனத் திரும்பிப் பாத்தா. "கோயில் அரிசியத் தின்ன எலி எதுன்னு இப்பதான் தெரியுது"ன்னா.

பத்தாயத்தத் துடைச்சு எடுத்ததுக்கு அப்புறந்தான் பாருக்குட்டி போதும்னு தலைய ஆட்டுச்சு. பண்ணையாரு பாயில விழுந்து, இதுல என் சம்பாவும் இருக்கேன்னு கத்தினாரு. அன்னப்பழம் பொறுமையா, "ஆமா அய்யா, இருக்கு, உங்களோடத மட்டும் பொறுக்கி எடுத்துக்கிடுங்க, நாங்க தொட மாட்டோம்"னா. அவரும் உக்காந்து பொறுக்கினாரு. இவரு ஒரு ஓரமா சேத்து வைக்க வைக்க, செல்லக்கிளி தவழ்ந்து வந்து, சிரிச்சுக்கிட்டே அதத் தள்ளிக் கலந்து விட்டுட்டா. அவருக்கு இடுப்பு பிடிச்சுக்கிட்டதுதான் மிச்சம்.

அப்புறம் ஏழைங்க வரிசையில நின்னாங்க. முதல்ல தாத்தாவுக்குப் பெட்டி நிறைய விழுந்துச்சு. அன்னப்பழம் அன்னைக்கு அளந்த அளவுக்கு யாரும் அளந்ததில்ல. எல்லாரும் வாங்கிட்டுப் போனதும் பாத்தா, வரிசைக் கடைசியில தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு துண்ட விரிச்சுட்டு ஒருத்தரு நிக்காரு. வீட்ல உலை கொதிக்கு, போட ஒரு அரிசி இல்லையே, என்ன செய்வாரு.

ஊரு விடுமா? பிள்ளையக் கூப்பிடு, பிள்ளையக் கூப்பிடுன்னு ஒரே சத்தம். செல்லக்கிளியக் கொண்டாந்தாங்க. அவ அள்ளினா. சொந்தத் தாத்தான்னு ஒரு சலுகை காட்டலியே, மூணு அரிசியத் துண்டுல போட்டா, அப்புறம் யோசிச்சு அதுல ஒண்ணத் திரும்ப எடுத்து வாயில போட்டுக்கிட்டா. ஊரே வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது. பண்ணையாரு அந்த ரெண்டு அரிசியப் பாத்தாரு. ஏசுவடியான் பெட்டியத் தலையில கவுத்துக்கிட்டுப் போனது அப்பத்தான் அவருக்குக் கண்ணுல வந்திருக்கும் போல, மூக்கு உறிஞ்சினாரு, அழுதாரு. இந்தத் தடவை சாவிக்காக அழுத அழுகை இல்ல.

அன்னப்பழம் கிட்ட வந்தா. ரெண்டு கையையும் விரிச்சு அரிசிக் குவியல்ல விட்டு அள்ளி, வழிய வழிய அவரு துண்டுல போட்டா. ஊரு சிரிப்ப நிறுத்திட்டு. பண்ணையாரு நிமிந்து பாத்தாரு.

"அன்னப்பழம், நான் உனக்குப் பிஞ்சுக் கையால அளந்தேன். நீ எதுக்கு எனக்கு இவ்வளவு அளக்கிற?"

அன்னப்பழம் தன் கையத் திருப்பித் திருப்பிப் பாத்தா. அப்புறம், "எனக்கு இந்தக் கைய விட்டா வேற கை இல்லையே அய்யா"ன்னா.

அன்னைக்கு முதக்கொண்டு குதிர்ச் சாவி அவ இடுப்புலதான். பண்ணையாரு வீட்டுப் பிடியரிசிய அவரே அள்ளிக் கொண்டாந்து, அவ முன்னால அளந்து கொட்டுவாரு. உபதேசியாருக்கு இருமல் நின்னு போச்சு. குடுக்கும்போது யாரு கைன்னு பாக்காத, வாங்குறவன் வயித்தப் பாருன்னு அந்த ஊர்ல இப்பவும் ஒரு சொல்லு உண்டு.

அரிசி பெட்டிக்குப் போச்சு, யானை மலைக்குப் போச்சு, கதை உங்க காதுக்குள்ள போச்சு. ஏட்டி, அடுப்புல உலை கொதிக்கு பாரு. எந்திச்சுப் போய் அரிசி களையுததுக்கு முன்னால ஒரு பிடி எடுத்துப் பானையில போடு. உன் கையால போடு, தம்பியக் கூப்பிடாத.